ஏட்டில் 35, அடுக்கில் 33

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் ஒரகடத்தைத் தாண்டினால் பெரிய கம்பெனிகளின் மதில்கள் நீண்டுகொண்டே போகின்றன. ரெனோ-நிசான் 2010-இல் இந்தப் பக்கம் வந்தது. பாரத்பென்ஸ் லாரி செய்யும் டெய்ம்லர் 2012-இல் வந்தது. அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1998-இல், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் இறக்கத் தொடங்கிவிட்டது. இந்த மதில்களைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. இவற்றை நம்பிச் சாலையோரம் முளைத்த சின்னச் சின்னக் கடைகளைப் பற்றிப் பேசியதில்லை. சேஃப்டி ஷூ, கையுறை, டிரில் பிட், போல்ட் நட்டு, பேரிங், கட்டிங் வீல், பேக்கிங் டேப் என்று கம்பெனிகளுக்கும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் வென்டர் யூனிட்டுகளுக்கும் அன்றாடம் வேண்டியதைக் கொடுப்பவை இந்தக் கடைகள். இவை எதையும் செய்வதில்லை. வாங்கி விற்கின்றன, அவ்வளவுதான். ஆகவே சரக்கு என்பதையும் அதன் கணக்கு என்பதையும் கலப்பில்லாமல் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

கணக்கு எழுதுவதை வறண்ட வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஒரு மனிதன் தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன போனது, எதற்காகப் போனது என்று தினமும் எழுதிவைப்பதில் ஒரு நேர்மைக்கான முயற்சி இருக்கிறது. அந்த முயற்சி எங்கே பலிக்கிறது, எங்கே தோற்கிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

சரக்குக் கணக்கில் இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி எளியது. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சரக்கோடு ஆண்டு முழுக்க வாங்கியதைக் கூட்ட வேண்டும். மார்ச் 31 அன்று எண்ணிப் பார்த்து, மிச்சமிருப்பதைக் கழிக்க வேண்டும். வருவதுதான் விற்ற சரக்கின் அடக்கவிலை. நடுவில் எது எப்போது போனது என்று ஏடு கேட்காது. நம் ஊர் மளிகைக் கடைகள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடந்தன. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் கண் பார்வைதான் அங்கே சரக்கு ஏடு.

இந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஆண்டு முடிவில் இல்லாதது எல்லாம் விற்றது என்றே கொள்ளப்படும். எலி கடித்தது, மழையில் நனைந்து வீணானது, லோடு இறக்கும்போதே குறைவாக வந்தது, யாரோ சொல்லாமல் எடுத்துப் போனது எல்லாம் விற்ற சரக்கின் விலைக்குள் போய்க் கலந்துவிடும். இழப்பு நடந்திருக்கும். ஆனால் எந்தப் பக்கத்திலும் அதற்குப் பெயர் இருக்காது.

இரண்டாவது வழி தொடர் இருப்பு முறை. சரக்கு உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் வெளியே போகும் ஒவ்வொரு முறையும் இருப்புக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பின் கார்டு தொங்கும். வரவு, செலவு, மீதி என்று மூன்று கட்டங்களில் ஸ்டோர் கீப்பர் பேனாவால் எழுதுவார். இன்றைக்கு அந்த வேலையை டாலி என்ற மென்பொருள் செய்கிறது, பெரிய இடங்களில் எஸ்ஏபி செய்கிறது. கருவி மாறினாலும் தத்துவம் ஒன்றுதான்: எந்த நேரத்தில் கேட்டாலும் ஏடு பதில் சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஜிஎஸ்டியைத் தனியே வைத்துவிடுவோம். ஒரு கடைக்காரர் சேஃப்டி ஷூ 100 ஜோடி, ஜோடி 800 ரூபாய்க்குக் கடனுக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கிருப்புக் கணக்கில் 80,000 பற்று, சப்ளையர் கணக்கில் 80,000 வரவு. கொள்முதல் என்று தனிக் கணக்கு இங்கே கிடையாது. சரக்கு நேராக இருப்பில் ஏறுகிறது. பிரித்துப் பார்த்தால் 10 ஜோடியில் அடிப்பாகம் விட்டிருக்கிறது. டெபிட் நோட் போட்டுத் திருப்பி அனுப்புகிறார். சப்ளையருக்கு 8,000 பற்று, இருப்பில் 8,000 வரவு. லாரி வாடகை 1,800. அதுவும் செலவுக் கணக்குக்குப் போகாமல் இருப்பிலேயே சேர்கிறது, ஏனென்றால் சரக்கு கடைக்கு வந்து சேர்ந்தால்தான் அது சரக்கு. இப்போது கையில் 90 ஜோடி, அடக்கம் 73,800. ஜோடிக்கு 820 ரூபாய்.

அடுத்து விற்பனை. ஒரு வென்டர் யூனிட் 60 ஜோடி கேட்கிறது, ஜோடி 1,100 ரூபாய். இந்த முறையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு விற்பனைக்கு இரண்டு பதிவு போட வேண்டும். முதல் பதிவு விற்ற விலையில்: வாடிக்கையாளருக்கு 66,000 பற்று, விற்பனைக்கு 66,000 வரவு. இரண்டாவது பதிவு அடக்கவிலையில்: விற்ற சரக்கின் அடக்கத்துக்கு 49,200 பற்று, சரக்கிருப்புக்கு 49,200 வரவு. முதல் பதிவு வாங்கியவரைப் பார்த்து எழுதப்படுவது. அதற்கு பில் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, பணம் வரவேண்டியிருக்கிறது. தவறினால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. இரண்டாவது பதிவு தன் அடுக்கைப் பார்த்துத் தானே எழுதிக்கொள்வது. அதைக் கேட்க வெளியாள் யாரும் இல்லை. வருமானத்தை எழுதும் கையே, அதற்காக இழந்தது எவ்வளவு என்பதையும் அந்த நேரமே எழுத வேண்டும் என்று இந்த முறை கட்டாயப்படுத்துகிறது. எனக்குத் தெரிந்து கணக்கியலில் இதைவிட ஒழுக்கமான பதிவு வேறு இல்லை.

அளவு சரியில்லை என்று 5 ஜோடி திரும்பி வருகிறது. அப்போதும் இரண்டு பதிவு. விற்பனைத் திருப்பம் 5,500 பற்று, வாடிக்கையாளருக்கு வரவு. இருப்பில் 4,100 பற்று, அடக்கத்தில் வரவு. ஷூ அடுக்குக்குத் திரும்பிவிட்டது. ஏட்டின்படி இப்போது 35 ஜோடி, மதிப்பு 28,700.

மார்ச் 31 வருகிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எண்ணுகிறார்கள். இந்தப் பேச்சு எந்தக் கடையிலும் நடப்பதுதான்:

“தம்பி, சிஸ்டத்துல முப்பத்தஞ்சு காட்டுதே. எங்கடா போச்சு ரெண்டு?”

“அண்ணே, ரெண்டு தரம் எண்ணிட்டேன். மேல் அடுக்கு, கீழ் அடுக்கு, கவுண்டர் அடி எல்லாம் பாத்துட்டேன். முப்பத்துமூணுதான் இருக்குது.”

ஏட்டில் 35, அடுக்கில் 33. யார் சொல்வது சரி? ஏடு ஆண்டு முழுக்க விழித்திருந்தது. ஒரு பில்லையும் விடவில்லை. கூட்டல் கழித்தல் எதிலும் பிழை இல்லை. ஆனாலும் கணக்கியல் தயங்காமல் அடுக்கின் பக்கம் நிற்கிறது. விற்ற சரக்கின் அடக்கத்தில் 1,640 பற்று, சரக்கிருப்பில் 1,640 வரவு. இருப்பு 27,060-க்கு இறங்குகிறது. தொடர்ந்து எழுதப்பட்ட ஏடு, எண்ணிய கைக்கு முன்னால் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய வழியில் எழுதியிருந்தாலும் லாபம் இதே 13,760-தான் வந்திருக்கும்: நிகர விற்பனை 60,500, கழித்தது அடக்கம் 46,740. கடைசித் தொகையில் ஒரு ரூபாய் வித்தியாசம் கிடையாது. ஆனால் பழைய வழியில் அந்த 2 ஜோடி காணாமல்போனதே யாருக்கும் தெரிந்திருக்காது. எதிர்பார்க்க ஒரு எண் இருந்தால்தான் குறைவதும் தெரியும். தொடர் இருப்பு முறை தருவது இந்த எதிர்பார்ப்பைத்தான். இருப்பதைக் காட்டுவதைவிட இல்லாததைக் காட்டுவதே அதன் பெரிய வேலை.

இதை நம் சட்டமும் உணர்ந்திருக்கிறது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது அதன் விதிகளில் 56-ஆவது விதி சரக்குக் கணக்கைப் பற்றிப் பேசியது. தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவர்கள் நீங்கலாக, பதிவு பெற்ற ஒவ்வொருவரும் தொடக்க இருப்பு, வந்தது, போனது, மீதி ஆகியவற்றை எழுத வேண்டும். அவற்றோடு தொலைந்தது, திருடு போனது, அழிந்தது, தள்ளுபடி செய்தது, இலவசமாகக் கொடுத்தது ஆகியவற்றையும் எழுத வேண்டும் என்கிறது. தொலைந்ததற்கும் ஏட்டில் இடம் ஒதுக்கச் சொல்கிற விதி இது. அப்படி எழுதாமல் விட்டால், கணக்கில் வராத சரக்கை விற்றதாகவே கொண்டு வரி கணக்கிட அதிகாரிக்கு உரிமை உண்டு என்கிறது சட்டத்தின் 35-ஆவது பிரிவு.

ஆனால் அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தொலைந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்டச் சொல்கிறது. உண்மையைச் சொன்னால் கை நஷ்டம். அதனால்தான் “ஒரு கேஷ் பில் போட்டுச் சரிக்கட்டிடு” என்ற யோசனை கடைகளில் பிறக்கிறது. காணாமல்போன 2 ஜோடி, பெயர் தெரியாத யாருக்கோ விற்கப்பட்டதாக ஏட்டில் ஏறுகிறது. ஏடும் அடுக்கும் பொருந்திவிடுகின்றன. பொருந்திய அந்தக் கணத்தில் ஏடு பொய்யாகிறது.

எண்ணிப் பார்த்து எழுதுவது நமக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள், கொடுத்த நகைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கையோடும் எடையோடும் சொல்கின்றன. எந்த எடைக்கல்லால் நிறுத்தது என்பதையும் சொல்கின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவன் அதே நகையை எடுத்து நிறுத்துப் பார்க்கலாம் என்ற துணிவு அந்த எழுத்தில் இருக்கிறது. சரிபார்க்க வழி சொல்லாமல் எழுதும் கணக்கு வெறும் அறிவிப்புதான்.

மேற்கில் இந்தப் பாடம் பெரும் விலை கொடுத்துக் கற்கப்பட்டது. 1938-இல் அமெரிக்காவில் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து கம்பெனியின் ஊழல் வெளியே வந்தது. ஏட்டில் காட்டியிருந்த சரக்கில் ஏறக்குறைய ஒரு கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு எந்தக் கிடங்கிலும் இல்லை. ஆர்டர், பில், ரசீது எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆடிட்டர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள், கிடங்குக்குப் போகவில்லை. அன்றைய வழக்கப்படி போக வேண்டிய கட்டாயமும் இல்லை. அதற்குப் பிறகுதான் சரக்கு எண்ணும் இடத்தில் ஆடிட்டர் நேரில் நிற்பது அங்கே நடைமுறையானது. 1963-இல் இன்னொரு பாடம். நியூ ஜெர்ஸியில் ஒரு வியாபாரி தன் டேங்குகளில் தண்ணீரை நிரப்பி, மேலே மட்டும் எண்ணெயை மிதக்கவிட்டுக் காட்டி, அந்தச் சரக்கின்பேரில் பெரும் கடன் வாங்கினார். அளந்து பார்த்தவர்களும் ஏமாந்தார்கள். கிடங்குக்குப் போனால் மட்டும் போதாது, பார்க்கத் தெரிந்து பார்க்க வேண்டும்.

ஒரகடத்தின் பெரிய ஆலைகளுக்குள் இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. கார் செய்யும் லைனில் ஒவ்வொரு போல்ட்டையும் எடுக்கும்போது எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் இதுபோன்ற ஆலைகளில் பேக்ஃப்ளஷ் என்றொரு ஏற்பாடு உண்டு. வண்டி லைனை விட்டு இறங்கியதும், அந்த மாடலுக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியலைப் பார்த்து, ஹெட்லேம்ப் இரண்டு, வைப்பர் இரண்டு என்று கம்ப்யூட்டர் தானே இருப்பிலிருந்து கழித்துக்கொள்கிறது. யாரும் எடுத்ததைப் பார்த்து எழுதுவதில்லை. எடுத்திருக்க வேண்டும் என்ற கணிப்பை எழுதுகிறது. பெரும்பாலும் கணிப்பு சரியாகவே இருக்கும். ஆனால் இரவு ஷிஃப்டில் ஒரு ஹெட்லேம்ப் கைதவறி விழுந்து உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். லைன் ரிஜெக்ஷன் சீட்டு எழுதினால் நாலு கேள்வி கேட்பார்கள் என்று ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி அதை ஸ்கிராப் தொட்டியில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்து மாட்டிவிடுகிறார். வண்டி நன்றாகவே ஓடும். ஏட்டில் மட்டும் இல்லாத ஒரு லேம்ப் இருந்துகொண்டே இருக்கும். அந்த ஏட்டை நம்பித்தான் அடுத்த ஆர்டர் போகிறது. கிடங்கில் மூட்டை மூட்டையாகச் சேர்த்துவைக்காமல், தேவைப்படும் நேரத்துக்கு வரவழைக்கும் ஆலை இது. ஒரு நாள் கைக்கு லேம்ப் எட்டாமல் லைன் நிற்கும். அந்தச் சீட்டை எழுதப் பயந்தவரைக் குறை சொல்வது எளிது. எழுதினால் தண்டனை என்று ஆக்கிவைத்தவர்கள்தான் ஏட்டைப் பொய் பேச வைக்கிறார்கள்.

இவ்வளவு பலவீனம் இருந்தும் இந்த முறையைப் பெரிதாக மதிக்க எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் இந்தப் பகுதி பார்த்த இரண்டு ஆண்டுகள்.

முதலாவது 2015. டிசம்பர் 1 அன்று பெய்த மழையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த தண்ணீரும் சென்னையை மூழ்கடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஸ்ரீபெரும்புதூரும் அந்த ஏரிக்குப் பக்கத்து ஊர்தான். ஹூண்டாய், ஃபோர்டு, ரெனோ-நிசான் எல்லாம் உற்பத்தியை நிறுத்தின. பெரிய கம்பெனிகள் சில நாட்களில் எழுந்துவிட்டன. தண்ணீர் புகுந்த கடைக்கும் சின்ன யூனிட்டுக்கும் நிலைமை அப்படியில்லை. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, தண்ணீர் புகுந்த அன்று சரக்கு எவ்வளவு இருந்தது என்பதுதான். சேற்றோடு சேர்ந்து கூழாகிப்போன அட்டைப்பெட்டியை யாரால் எண்ண முடியும்? அன்றன்றைக்கு இருப்பு எழுதியவரிடம் அந்த நாளுக்கான பதில் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுகிறவரோ கடைசி ஐந்தொகையிலிருந்து கொள்முதலைக் கூட்டி, விற்பனையில் லாப விகிதத்தை உத்தேசமாகக் கழித்து வரும் அடக்கத்தை அதிலிருந்து நீக்கி, ஒரு தொகைக்கு வந்துசேர வேண்டும். உத்தேசத்தின் மேல் பேரம் நடக்கும். நனைந்தும் பிழைத்த சரக்குக்கும் பழைய மதிப்பு கிடையாது. அடக்கவிலை, இன்று விற்றால் கிடைக்கும் நிகரத் தொகை, இரண்டில் எது குறைவோ அந்த மதிப்பில்தான் சரக்கை ஏட்டில் வைக்க வேண்டும் என்பது கணக்கியல் விதி.

இரண்டாவது 2020. மார்ச் 25-இலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. அடுத்த ஆறாம் நாள் கணக்கு முடிக்கும் நாள். நெடுஞ்சாலையில் வண்டி இல்லை, ஆலைகளில் ஆள் இல்லை. மார்ச் 31 வந்து போனது. எண்ண யாராலும் போக முடியவில்லை. ஆண்டு முடிந்துவிட்டது, ஆனால் முடிவில் என்ன இருந்தது என்று பார்த்தவர் எவரும் இல்லை. அப்போது கைகொடுத்தது தொடர் இருப்பு ஏடுதான். கதவு திறந்த பிறகு ஒரு நாளில் எண்ணுகிறார்கள், 40 இருக்கிறது. மார்ச் 31-க்குப் பின் வந்தது 25, அதைக் கழி. விற்றது 12, அதைக் கூட்டு. மார்ச் 31 அன்று 27 இருந்திருக்க வேண்டும். பட்டயக் கணக்காளர் கழகம் அந்த ஆண்டு இதற்கென்று வழிகாட்டுதலே வெளியிட்டது. சிலர் வீடியோ அழைப்பில் கிடங்கைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொரு அசைவையும் எழுதிவைத்தவர்களுக்கு மட்டுமே காலத்தில் பின்னோக்கி நடக்கும் இந்த வசதி கிடைத்தது. எண்ணிக்கை ஏட்டைத் திருத்துகிறது. எண்ண முடியாமல் போகும் நாளில் ஏடு எண்ணிக்கையைக் காப்பாற்றுகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று பாதி உண்மைதான்.

இனி, கணக்கு முடிக்கும் பதிவுகள். நம் கடைக்காரரின் ஏட்டுக்கே திரும்புவோம். விற்பனைக் கணக்கில் இருக்கும் 66,000-ஐப் பற்று வைத்து வருமானச் சுருக்கத்துக்கு மாற்றுகிறார். விற்பனைத் திருப்பம் 5,500, அடக்கம் 46,740, கூலி, வாடகை, கரண்ட் பில் எல்லாவற்றையும் வரவு வைத்து அதே சுருக்கத்துக்கு மாற்றுகிறார். மிஞ்சுவது லாபம். அது மூலதனத்தில் சேர்கிறது. வீட்டுச் செலவுக்கு எடுத்ததும் மூலதனத்தில் கழிகிறது. விற்பனை, அடக்கம், கூலி எல்லாம் பூஜ்யம். ஏப்ரல் 1 அன்று அவை புதிதாகத் தொடங்கும். ஆனால் சரக்கிருப்புக் கணக்கை யாரும் மூடுவதில்லை. 33 ஜோடி ஷூவும் 27,060 ரூபாயும் அப்படியே புதிய ஆண்டுக்குள் போகின்றன.

எது மூடப்படுகிறது, எது தொடர்கிறது என்பது ஒரு தொழில்நுட்ப விதிதான். ஆனால் அது நம்மைக் கொஞ்சம் யோசிக்க வைக்க வேண்டும். அடுக்கில் விற்காமல் கிடக்கும் ஒரு ஷூ அடுத்த ஆண்டுக்கு மதிப்போடு போகிறது. எந்த ஷூ எந்த அடுக்கில், எந்தக் கம்பெனிக்கு எந்த அளவு என்று மனசுக்குள்ளேயே ஓர் ஏடு வைத்திருக்கும் கடைப் பையனின் பழக்கமும் அறிவும் கூலி என்ற கணக்கில் ஒரு செலவாக எழுதப்பட்டு மார்ச் 31 அன்று பூஜ்யமாகிவிடுகின்றன. அவர் நின்றுவிட்டால் அடுத்த எண்ணிக்கையில் குறையும் தொகையில்தான் அவருடைய மதிப்பு தெரியவரும்.

இந்தப் பகுதியே ஒருமுறை இதைப் பெரிய அளவில் பார்த்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கொடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். நோக்கியாவின் செல்பேசித் தொழில் 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்ததால் இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. கட்டடம் இருந்தது. 2019-இல் சால்காம்ப் என்ற நிறுவனம் அந்த ஆலையை வாங்குவதாக அறிவிப்பு வந்தது. கட்டடம் தொடரும் கணக்கு, ஆகவே அதற்கு ஒரு மறுவாழ்வு இருந்தது. வேலை பார்த்த பெண்களுக்கு ஒரு தொகை கொடுத்துக் கணக்கு முடிக்கப்பட்டது. நுண்ணிய பாகங்களை வேகமாகப் பொருத்தப் பழகிய அந்த விரல்களின் தேர்ச்சியைத் தாங்கி நிற்க எந்த ஏட்டிலும் ஒரு தலைப்பு இல்லை. அந்தத் தேர்ச்சிக்கு ரூபாயில் மதிப்புப் போட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கணக்கு சொல்லாததை இல்லாததாக நினைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

கடைசியாக அந்த 2 ஜோடிக்கு வருகிறேன். குறையை யார் தலையில் எழுதுவது? பல இடங்களில் பதில் தயாராக இருக்கும்: “ஸ்டோர் பாத்துக்கிட்டது நீதானே, சம்பளத்துல பிடிச்சுக்கிறேன்.” 1,640 ரூபாய் முதலாளிக்குச் சின்னத் தொகை. ஸ்டோர் பையனுக்கு அது வாரச் செலவு. சட்டம் இதை அப்படி அனுமதிக்கவில்லை. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே, தொழிலாளியின் பொறுப்பில் தெளிவாக ஒப்படைத்த பொருளாக இருக்க வேண்டும், இழப்பு அவருடைய கவனக்குறைவால் நேராக வந்ததாக இருக்க வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும், பிறகுதான் பிடித்தம் என்று வரையறுத்தது. அறமும் அதையே சொல்கிறது. குறைந்த 2 ஜோடி திருட்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சரக்கு வந்த அன்றே எண்ணாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம். 60 என்று எழுதி 62 ஏற்றியிருக்கலாம். திரும்பி வந்த பெட்டியில் 5-க்குப் பதில் 3 இருந்திருக்கலாம். வித்தியாசம் என்பது ஒரு கேள்வி. அதைத் தீர்ப்பாக மாற்றுகிற அவசரம்தான் அடுத்த ஆண்டு எண்ணிக்கையைப் பொய்யாக்குகிறது. குறைந்தால் சம்பளம் போகும் என்று தெரிந்தவர் 33-ஐ 33 என்று சொல்ல மாட்டார்.

ஆகவே கடை நடத்துகிறவர்களுக்கும் அவர்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. வருகிற மார்ச் 31-க்கு எண்ணிக்கைத் தாளை அச்சடிக்கும்போது, சிஸ்டத்தில் இருக்கும் இருப்பை அதில் போடாதீர்கள். பொருளின் பெயரும் காலிக் கட்டமும் மட்டும் இருக்கட்டும். எதிர்பார்க்கும் எண்ணைக் காட்டிவிட்டால் கை அந்த எண்ணையே எண்ணும். சரக்கை நாள்தோறும் கையாளுகிறவர் ஒருவரும், கையாளாத ஒருவரும் சேர்ந்து எண்ணட்டும். வித்தியாசம் வந்தால் அதை, மேலே நம் கணக்கில் செய்ததுபோல் அடக்கவிலைக்குள் கரைத்துவிடாமல், சரக்குக் குறைவு என்று தனி வரியில் எழுதுங்கள். கேஷ் பில் போட்டு மூடாதீர்கள். திருப்பிக் கட்ட வேண்டிய வரியைக் கட்டிவிடுங்கள். எண்ணிச் சொன்னவரைத் தண்டிக்காதீர்கள். ஏன் குறைந்தது என்று அவரோடு உட்கார்ந்து தேடுங்கள். இந்தக் குறைவை எழுதத் துணிந்த கடையின் லாபத்தை மட்டுமே நான் நம்புவேன்.